பதினோராவது குரல்

“...கொட்ட எறங்கி வந்துட்டா ஆளும் எறங்கி வந்துட்டாங்கன்னு உனக்கு யாருண்ணா சொன்னது?”

சரோஜா இப்படிக் கேட்டபோது என் உள்ளங்கையில் பதினெட்டுப் புளியங்கொட்டைகள் இருந்தன. காலையில் ராஜகிரி ஏறுவதற்கு முன்னால் பதினெட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒன்றாக நான் கொடுத்தவை. பதினெட்டும் என்னிடம் திரும்பி வந்துவிட்டன. மணி மூன்றாகக் கால் மணி நேரம் இருந்தது. அடிவாரத்துப் புளியமரத்தடியில் இரண்டு வேன்களும் எஞ்சினைப் போட்டுக்கொண்டு நின்றன. வந்தவர்களுக்கு அன்றைக்கு ராத்திரி சென்னையிலிருந்து விமானம். நான் கையை இறுக்க மூடிக்கொண்டு சரோஜாவை முறைத்தேன்.

செஞ்சிக் கோட்டையில் கைடு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். மலை எத்தனை அடி, எந்த அரசன் எந்த மதிலைக் கட்டினான் என்பதை என்னைவிடச் சுத்தமாகச் சொல்கிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷை வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பேசியே பிடித்துக்கொண்டேன். பாண்டிச்சேரியிலிருந்து வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பிரெஞ்சும் கற்றுக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் படிகளில் ஏறி இறங்கி, முழங்கால் போதும் என்று சொன்ன பிறகு நின்றுவிட்டேன். அதனால் சரித்திரம் உங்களிடமே இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. மேலே கூட்டிக்கொண்டு போவது பாதி வேலைதான். கூட்டிக்கொண்டு போன அத்தனை பேரையும் கீழே கொண்டுவந்து சேர்ப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில் நான் ஒரு தடவை சறுக்கினேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மலையில் ஜனங்கள் பேசுவதை வீட்டுக்குப் போய் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். தொண்டூர்க்காரர் ஒருவர் களஞ்சியத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நெல்லுக்கு இம்மாம் பெரிய வீடு. என் வீட்ட இதுல ஒரு மூலையில வெச்சுட்டுப் போயிடலாம்” என்றார். அவலூர்பேட்டையிலிருந்து வந்த புதுப்பெண் ஒருத்தி புருஷனிடம், “ராஜா எங்க தூங்கினாருன்னே கேட்டுக்கினு இருக்கிற, ராணிக்குத் தண்ணி யாரு தூக்கினு வந்தாங்கன்னு கேளு” என்றாள். நான் அதுவரை அதை யோசித்ததே இல்லை. அன்றிலிருந்து தண்ணீர் மேலே போன வழியையும் காட்ட ஆரம்பித்தேன். நம் தொழிலில் சொல்கிற வாயைவிடக் கேட்கிற காதுக்குத்தான் சம்பளம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அப்படிப்பட்டவன்தான் சரோஜா சொன்னதைக் கேட்கவில்லை.

கொட்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மனிதர்களை விரல் நீட்டி ஒண்ணு, ரெண்டு என்று எண்ணமாட்டோம். ஆடு மாட்டை எண்ணலாம், மூட்டையை எண்ணலாம். ஆளை எண்ணினால் கண்பட்டுவிடும், எண்ணிக்கை குறைந்துவிடும் என்று பயம். என் நைனா அவலூர்பேட்டைச் சந்தையில் நெல் அளந்தவர். மரக்காலால் அளந்து கொட்டும்போது ஒவ்வொரு மரக்காலுக்கும் ஒரு புளியங்கொட்டையை ஓரமாகப் போடுவார். வாய் தப்பினாலும் கொட்டை தப்பாது என்பார். முதல் மரக்காலுக்கு ஒண்ணு என்று சொல்லமாட்டார், லாபம் என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று அந்தக் குரல் பாட்டுப்போலப் போகும். நான் கைடு ஆனபோது அதையே எடுத்துக்கொண்டேன். மலையேறுகிறவர் கையில் ஒரு கொட்டை. இறங்கி வந்ததும் என் கையில் திருப்பித் தர வேண்டும். விரல் நீட்ட வேண்டியதில்லை. எண்ணிக்கையும் தப்பாது. வந்தவர்களுக்கும் அது ஒரு வேடிக்கையாக இருந்தது. எத்தனையோ வருஷம் அது என்னைக் கைவிட்டதில்லை. தப்பாத வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை மூடிவிடும் என்பதை நான் அப்போது அறியவில்லை.

மாசிக் கடைசி. கீழே நவரை நெல் பச்சைப் பசேலென்று நின்றது. வந்த பதினெட்டுப் பேரும் புதுச்சேரிப் பக்கம் தங்கி விவசாயப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த தீவு நாட்டுக்காரர்கள். பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா, மடகாஸ்கர் என்று பல கரைகளிலிருந்து வந்தவர்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டார்கள், அதுவும் என் இங்கிலீஷ் போலத்தான், நொண்டி நொண்டி. அதனாலேயே எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று.

வேனிலிருந்து இறங்கியதும் லிகாயா என்ற பிலிப்பைன்ஸ் பெண் கையைத் தட்டி, “பிலாங்!” என்றாள். முப்பது வயது இருக்கும், கடல்காற்றில் காய்ந்த முகம். அவ்வளவுதான், எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்கள். முதல் வாரத்திலேயே ஆளுக்கொரு எண் வைத்துக்கொண்டிருந்தார்களாம். அவரவர் பாஷையில் அவரவர் எண். ஈசா என்று லிகாயா தொடங்கினாள்; துவா என்றது ஒரு குரல், தெலு என்றது இன்னொன்று. ஐந்தாவது ஆள் லிமா என்றதும் நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். ஏனென்றால் அது அவர்கள் பாஷையிலும் லிமாதான். பதினெட்டு வரை போய் நின்றது. யாரும் யாரையும் விரல் நீட்டவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

பிலாங் என்றால் என்ன என்று கேட்டேன். எண்ணுவது என்றாள் லிகாயா. பக்கத்திலிருந்த ரோஸ்னா என்ற மலேசிய அம்மா, எங்களுக்கும் பிலாங்தான் என்றார். ஜாவாக்காரரான சுலஸ்த்ரி அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, எங்கள் பக்கம் விலாங் என்று வாயைக் குவித்துச் சொன்னார். இந்த மூன்று பேரும் பயிற்சிக்கு வந்த முதல் நாள், ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்த முதல் சொல் அதுதானாம். மடகாஸ்கர்க்காரருக்கு மட்டும் அந்தச் சொல் இல்லை. ஆனால் எட்டு என்பதற்கு அவர் வாலு என்றார், லிகாயா வலோ என்றாள், சுலஸ்த்ரி அம்மா வொலு என்றார். ஒரே வீட்டுப் பிள்ளைகளை வேறு வேறு ஊரில் பார்ப்பது போல இருந்தது.

எப்படி என்று கேட்டதற்கு ரோஸ்னா அம்மாதான் விளக்கினார். ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு ஜனம் படகில் கிளம்பியது. ஒரு தீவு, அடுத்த தீவு, அதற்கும் அடுத்தது என்று பரவிக்கொண்டே போய், கிழக்கே பசிபிக் நடுவில் கடைசித் தீவு வரைக்கும், மேற்கே ஆப்பிரிக்காப் பக்கம் மடகாஸ்கர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. போன இடத்தில் ராஜா மாறினான், சாமி மாறியது, சாப்பாடு மாறியது. படகில் கொண்டுபோன எண்கள் மட்டும் நனையாமல் இருந்தன. சில தீவுகளில் ஐந்துக்கும் கைக்கும் இன்னும் ஒரே சொல்தானாம். பின்னால் போனில் தேடிப் படித்தேன்; அவர் சொன்னது சரிதான்.

அன்றைக்குக் காலை அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்குக் கொஞ்சம் மயக்கமாகவே இருந்தது. கடலையே அடிக்கடி பார்க்காதவன் நான். ஆனாலும் ராஜகிரியின் பாறைகள் எல்லாம் கரையோரம் ஒதுங்கிய படகுகளாகவும், வயல் முழுக்கத் தண்ணீராகவும் தெரிந்தது. இருட்டுக் கடலில் யாரோ முதல் எண்ணைச் சொல்ல, அடுத்த படகிலிருந்து அடுத்த எண் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மயக்கத்திலும் என் வழக்கத்தை விடவில்லை. கொட்டைகளை எடுத்து லாபம், ரெண்டு, மூணு என்று கொடுத்துக்கொண்டே போனேன். லிகாயா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். இறங்கியதும் மறுபடியும் பிலாங் சொல்லலாமா என்று கேட்டாள். வேண்டாம், இது என் மலை, இங்கே என் கொட்டைதான் கணக்கு என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சரி, உங்கள் மலை என்று அவளும் விட்டுவிட்டாள். விருந்தாளிகள் அப்படித்தான், நாம் சொல்வதை மரியாதைக்காகக் கேட்டுக்கொள்வார்கள். அவர்கள் தலையாட்டினால் நாம் சொன்னது சரி என்று ஆகிவிடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறினோம், பார்த்தோம், இறங்கினோம். உச்சியில் அவரவர் இஷ்டப்படி உட்கார விட்டுவிட்டு, இரண்டு மணிக்கு எல்லாரும் கீழே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வேகமாக நடக்கிறவர்களோடு நான் முன்னால் இறங்கிவிட்டேன். அது முதல் தப்பு. கடைசி ஆளுக்குப் பின்னால்தான் கைடு இறங்க வேண்டும். அடிவாரத்தில் நிழலில் உட்கார்ந்து கொட்டைகளை வாங்கினேன். ரோஸ்னா அம்மா ஐந்து கொட்டைகளை ஒரே பிடியாகக் கொண்டுவந்து கொடுத்தார். யார் யாருடையது என்று கேட்கவில்லை, வாங்கிக்கொண்டேன். அது இரண்டாவது தப்பு. எல்லாரும் களைப்பில் வேனுக்குள் போய்ச் சாய்ந்துவிட்டார்கள். பதினெட்டு சரியாக இருந்தது. கிளம்பலாம் என்று முதல் வேன் டிரைவரிடம் கையசைத்தேன்.

அப்போதுதான் சரோஜா வந்தாள். அடிவாரத்தில் வெள்ளரிப்பிஞ்சும் மோரும் விற்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பல வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அவள் மோரை நானும் குடித்திருக்கிறேன். மஞ்சள் முக்காடு போட்ட ஒரு அம்மா ஏறும்போது அவளிடம் நின்று, இறங்கி வந்து மோர் குடிக்கிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் போனாராம். ஒரு சொம்பு மோரை எடுத்துத் தனியாக மூடி வைத்துக்கொண்டு சரோஜா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த முக்காடு இறங்கவே இல்லை.

கொட்டை எல்லாம் வந்துவிட்டது என்றேன். அதற்குத்தான் அவள் அப்படிக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று பட்டது. டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ வெள்ளரிக்காய எண்ணு. ஆள நான் எண்ணிக்கிறேன்” என்றேன்.

டிரைவர் சிரித்தான். “இன்னாண்ணா, கெளம்பலாமா வேணாமா? திண்டிவனம் தாண்டிட்டா அப்பால டிராபிக்குல மாட்டிக்குவோம், எனக்குத்தான் டென்ஷன்” என்றான்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். மூன்று மணிக்கு மேல் யாரையும் மலைமேல் விடமாட்டார்கள். வேன் போய்விட்டால், மேலே ஒருவர் இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது. முதல் வேன்காரர்கள் அவர் இரண்டாவதில் இருக்கிறார் என்று நினைப்பார்கள். இரண்டாவது வேன்காரர்கள் முதலாவதில் என்று நினைப்பார்கள். விமான நிலையம் போய் இறங்கும்போதுதான் தெரியும். அதற்குள் இங்கே கதவைப் பூட்டி நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும். அப்போது எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் இரண்டு வேனிலும் ஏறி முகம் முகமாகப் பார்ப்பது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷ வேலை. டிரைவரின் சிரிப்புக்கு முன்னால், ஒரு மோர்க்காரி சொல்லி நான் போய்ப் பார்ப்பதா என்று என் கால் நகரவில்லை. நெருக்கடியில் நமக்கு அறிவு குறைந்து போவதில்லை, தம்பி. மானம்தான் குறுக்கே வந்து நிற்கிறது.

சரோஜா என்னிடம் வாதாடவில்லை. நேராக வேனுக்குப் போய், ஜன்னலோரம் இருந்த லிகாயாவின் கையைத் தட்டினாள். தன் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையைச் சுற்றி முக்காடாகப் போட்டுக்காட்டி, இடுப்புக் கூடையில் கிடந்த மஞ்சள் பையைத் தொட்டுக்காட்டி, மலையைக் காட்டி, இல்லை என்று கையை விரித்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. லிகாயாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

“பிலாங்!”

அவள் கீழே குதித்துவிட்டாள். இரண்டு வேனிலிருந்தும் தூக்கக் கலக்கத்தோடு ஆட்கள் இறங்கினார்கள். ஈசா. துவா. தெலு. குரல்கள் மரத்தடியில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. காலையில் பாட்டாகக் கேட்டது இப்போது ஒவ்வொன்றும் கல் விழுவது போல விழுந்தது. ஒன்பது. பத்து என்பதை ரோஸ்னா அம்மா சொன்னார்: செபுலு.

பிறகு ஒன்றும் வரவில்லை.

பன்னிரண்டாவது ஆள் வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். புளியமரத்தில் அணில் கத்துவது கேட்டது. ரோஸ்னா அம்மா தன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அவர் கை வாய்க்குப் போயிற்று.

பதினொன்று சுலஸ்த்ரி அம்மா. மஞ்சள் முக்காடு போட்டவர், முட்டிவலிக்காரர். மெதுவாகத்தான் இறங்குவேன், கொட்டை வரவில்லை என்று அந்த மனிதர் கீழே கவலைப்படுவார், நீ கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று ரோஸ்னா அம்மாவிடம் தந்திருக்கிறார். பின்னாலேயே வந்து அடுத்த வேனில் ஏறியிருப்பார் என்று ரோஸ்னா அம்மா நினைத்துவிட்டார். எனக்காகத் தந்த கொட்டை. நான் கவலைப்படக்கூடாது என்பதற்காக. மூடியிருந்த என் கையில் அந்தப் பதினெட்டும் வியர்த்துப்போய்க் கிடந்தன.

கொட்டையை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பலாம். குரலைக் கொடுத்தனுப்ப முடியாது. லிகாயா பின்னால் இதைத்தான் தன் ஊர்க்கதையாகச் சொன்னாள். அவள் தீவில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் படகில்தான் போக வேண்டும். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை எண் சொல்ல வேண்டும். பையைத் தோழி சுமக்கலாம், செருப்பைத் தோழி சுமக்கலாம்; எண்ணை மட்டும் அவரவர் வாயால்தான் சொல்ல வேண்டும்.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று நான் ரோஸ்னா அம்மாவைக் கேட்க ஆரம்பித்தேன். அவர் அழ ஆரம்பித்தார். சரோஜா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “யாரு தப்புன்னு அப்பால பாத்துக்கலாம். வெயிலு யாருக்காகவும் நிக்காது. நட” என்றாள். வாசல் காவலாளி கதவைச் சாத்தப் போனவர், விஷயத்தைக் கேட்டதும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவரே கூட வந்தார். காவலாளி, லிகாயா, திடகாத்திரமான இரண்டு இளைஞர்கள், நான். சரோஜா மூடி வைத்த சொம்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டும்போது ஒரு நொடி நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

எனக்கு ஒரே அவசரம். உச்சிக்குப் போய்விட வேண்டும், அங்கேதான் எங்காவது உட்கார்ந்திருப்பார் என்று ஓடினேன். லிகாயா விடவில்லை. கொஞ்சம் படி ஏறியதும் நிற்பாள். ஈசா, தலாவா என்று அவளே ஒன்று முதல் பத்து வரைக்கும் உரக்கச் சொல்வாள். பத்தோடு நிறுத்திவிட்டு, எங்களையும் மூச்சு விடாதீர்கள் என்பதுபோலக் கையை உயர்த்திக்கொண்டு கேட்பாள். மறுபடியும் ஏறுவோம், மறுபடியும் நிற்பாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிடலாமே, எதற்குப் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு நிற்கிறாள் என்று தோன்றியது.

மதியத்துக்குப் பிந்தைய வெயிலில் பாறைகள் எல்லாம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. கீழே பார்த்தால் பச்சை, பச்சைக்கு அப்பால் வெளிறிய நீலம், அது வானமா ஏரியா என்று தெரியவில்லை. அந்த நடுக்கத்தில் அவள் சொன்ன எண்கள் பாறைக்குப் பாறை மோதித் தாமதமாகத் திரும்பி வந்தன. லிமா என்று அவள் சொன்னது எதிர்ப்பாறையிலிருந்து வேறு யாரோ சொல்வதுபோலக் கேட்டது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கிளம்பிய படகுகளில் ஒன்று வழிதவறி எங்கள் மலைக்கு வந்துவிட்டதோ என்று நான் நினைத்தது உண்மை. பயத்திலும் மனசு இப்படி எங்கெங்கோ போகும். போனால் போகட்டும், கால் மட்டும் படியில் இருக்க வேண்டும்.

உச்சிக்குக் கீழே பிளவின்மேல் ஒரு பாலம் இருக்கிறதே, அதற்குக் கொஞ்சம் தூரத்தில் நாலாவது தடவையாக நின்றாள். பத்து வரை சொன்னாள். நிறுத்தினாள். நான் அடுத்த படியில் காலைத் தூக்கிவிட்டேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“செவெலாஸ்.”

ஜாவாப் பாஷையில் பதினொன்று. மெல்லிய, காய்ந்துபோன குரல். மேலேயிருந்து வரவில்லை. எங்களுக்குப் பின்னால், கீழேயிருந்து வந்தது. நாங்கள் அவரைத் தாண்டிவிட்டிருந்தோம். ஓடிக்கொண்டிருந்தால் என் செருப்புச் சத்தத்திலேயே அது போயிருக்கும். தொலைந்தவரைத் தேடும்போது கூப்பிடுவது பாதி. வாயை மூடிக்கொண்டு நிற்பது மீதி. இதை உங்களுக்கு எந்தப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள்.

படியிலிருந்து விலகி இடப்பக்கம் ஒரு தடம் போகும். குரங்குகள் போய்ப் போய் உண்டாக்கியது. பார்க்க வழிபோலவே இருக்கும். அதில் இறங்கி, சறுக்கி, கணுக்கால் திரும்பி, ஒரு பாறை நிழலில் சாய்ந்து கிடந்தார் சுலஸ்த்ரி அம்மா. தண்ணீர் பாட்டில் காலி. போன் வேனில். உதடு வெடித்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று லிகாயா கேட்டதற்கு அவர் சொன்னதை, இறங்கி வந்ததும் நோட்டுக்குக் காத்திராமல் கையில் கிடைத்த டிக்கெட் பின்னால் எழுதிக்கொண்டேன்: “நான் படகில் இருக்கிறேன் என்று நினைத்தேன். கீழே கடல் தெரிந்தது. பத்து என்று கேட்டது. அடுத்தது நான்தானே, சொல்லாமல் இருக்க முடியுமா?”

இதனால்தான் லிகாயா பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. பேர் சொன்னால் அரை மயக்கத்தில் இருப்பவர் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று விட்டுவிடலாம். பத்தோடு நிறுத்தினால் அந்தக் குழி நிரம்பும்வரை அவருக்கு மனசு ஆறாது.

நான் உடனே அவரைத் தூக்கப்போனேன். மறுபடியும் அவசரம். சரோஜா என்னை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டாள். சொம்பு மோரை ஒரே மடக்காகக் கொடுக்கவில்லை. வாய் வாயாக, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் காத்திருந்து கொடுத்தாள். “அவசரப்படாதண்ணா. மொதல்ல மூஞ்சில உசுரு வரட்டும். அப்பால தூக்கலாம்” என்றாள். கால் மணி நேரம் அப்படியே இருந்தோம். கீழே வேனும் விமானமும் காத்திருக்கட்டும் என்று அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுக்கத் தெரிந்தது அவளுக்குத்தான். எனக்குத் தெரியவில்லை.

இளைஞர்கள் இரண்டு பேரும் கைகளைக் கோத்து நாற்காலியாக்கி அவரைத் தூக்கிக்கொண்டார்கள். காவலாளி முன்னால் நடந்தார். இறங்கும் வழியெல்லாம் சுலஸ்த்ரி அம்மா என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். யார் யாரிடம் கேட்பது?

அடிவாரத்தில் ஒருவர்கூட வேனில் உட்காரவில்லை. மரத்தடியிலேயே வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு வேனாவது முன்னால் போகட்டும் என்று டிரைவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தானாம். பதினொன்று வராமல் பன்னிரண்டு ஏறாது என்று மடகாஸ்கர்க்காரர் சொல்லிவிட்டாராம். சரோஜா தன் துண்டைக் கிழித்துச் சுலஸ்த்ரி அம்மாவின் காலைக் கட்டினாள். போகிற வழியில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுப் போவது என்று முடிவாயிற்று. நேரம் போய்விட்டது என்று டிரைவர் இப்போது சொல்லவில்லை. அவரை ஏற்றுவதற்கு முன்சீட்டைச் சாய்த்துத் துடைத்து வைத்திருந்தான்.

ஏறுவதற்கு முன்னால் லிகாயா மறுபடியும் கையைத் தட்டினாள். ஒன்றிலிருந்து தொடங்கியது. பத்து வந்தது. பதினொன்று, கல்லின்மேல் காலை நீட்டி உட்கார்ந்தபடி, சின்னக் குரலில் வந்தது. ரோஸ்னா அம்மா அந்தக் கையை விடவே இல்லை. பதினெட்டு வந்து முடிந்தது.

லிகாயா ஏறச் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எத்தனையோ வருஷமாக ஆயிரமாயிரம் கொட்டைகளைக் கொடுத்து வாங்கியவன், எனக்கென்று ஒரு கொட்டையை எடுத்துக்கொண்டதில்லை. வெட்கமாக இருந்தது. “பத்தொம்பது” என்றேன். தமிழில்தான் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். சரோஜா தன் இடத்துக்குப் போய்க் கூடையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும்படி, அப்ப பேசினதுக்கு மன்னிச்சுக்க சரோஜா என்று சொல்ல வாயெடுத்தேன். டிரைவர் இருந்தான், எல்லாரும் இருந்தார்கள். இந்தத் தடவை சொல்லிவிட்டேன். அவள் கையில் எடுத்த வெள்ளரிப்பிஞ்சைக் கூடையிலேயே வைத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நடந்து வந்து, வரிசையில் எனக்கு அடுத்த ஆளாக நின்று, மோரு மோரு என்று கூவுகிற அதே குரலில் “இருபது” என்றாள்.